ஆறு மணிக்கு மறையாத சூரியன்

மே 12 (சித்திரை 29)

"இதையெல்லாம் மியூசியத்துக்குக் கொடுத்துரலாம்" என்றான் பெங்களூர் சாஃப்ட்வேர் கம்பெனியிலிருந்து வந்தவன். அவன் கை காட்டிய கம்ப்யூட்டருக்கு முன்னால் நான் உட்கார்ந்திருந்தேன். என்னையும் சேர்த்துத்தானா என்று கேட்டேன். சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

இந்த டைரியில் இதுவரை குழாய்த் தண்ணீர் வந்த நாளும் கேஸ் மாற்றிய நாளும்தான் எழுதி வந்தேன். இன்று முதல் வேறு விஷயமும் எழுத வேண்டியிருக்கிறது. யாரிடமாவது கத்தினால் வேலை போகும். டைரியிடம் கத்தினால் போகாது.

சிவகாசியில் இருபத்தேழு வருஷமாக எங்கள் அச்சகத்தின் தினசரிக் காலண்டருக்குத் தாள் தாளாக விவரம் போட்டுக் கொடுப்பது நான் எழுதிய ஃபாக்ஸ்ப்ரோ புரோகிராம். ஸ்ரீவில்லிபுத்தூர் சாஸ்திரிகள் பஞ்சாங்கப் பட்டியலைக் கையெழுத்தில் எழுதி அனுப்புவார். அதை நான் ஏற்றுவேன். தமிழ்த் தேதி, திதி, நட்சத்திரம், ராகுகாலம், நல்ல நேரம் எல்லாம் எந்தெந்தத் தாளில் விழ வேண்டும் என்று புரோகிராம் கணக்குப் போட்டுக் கொடுக்கும். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. மவுஸ்கூட வேண்டாம்.

இப்போது முதலாளி அண்ணாச்சியின் மகள் சுபிக்ஷா அச்சகப் பொறுப்புக்கு வந்திருக்கிறாள். எல்லாம் அந்த பெங்களூர்க் கம்பெனியின் க்ளவுடுக்குப் போகிறதாம். க்ளவுட் என்றால் மேகம். இந்த ஊர் மேகத்தை நம்பி ஒருத்தரும் கொடியில் காய்கிற துணியை எடுத்ததில்லை.

தண்ணீர் வரவில்லை. ஒன்பது நாள் ஆகிறது.

மே 13 (சித்திரை 30)

தண்ணீர் வந்தது. இருபத்திரண்டு குடம்.

மே 20 (வைகாசி 6)

அண்ணாச்சி கூப்பிட்டார். அவருக்கு மகளையும் விட முடியவில்லை, என்னையும் விட முடியவில்லை. அதனால் காபி வாங்கிக் கொடுத்தார்.

"கனகமணி, ஆடிப் பதினெட்டுக்குப் புது ஆல்பம் பூஜையில வைக்கணும். அதுக்குள்ள ரெண்டையும் ஓட்டிப் பாத்துருவோம். உன்னோடது ஒரு வருஷத்துக்குப் போடட்டும். பெங்களூர்க்காரங்களோடதும் போடட்டும். எது சரியோ அது."

"தோத்தா?"

"ஆல்பம் பிரிவுல ஆளு பத்தல. அங்க வந்துரு. உனக்கு வேலை இல்லைன்னு யாரும் சொல்லலையே."

ஆல்பம் பிரிவு என்றால் மாதிரித் தாள்களை அடுக்கி, ஓட்டை போட்டு, கயிறு கட்டுகிற இடம். கயிறு கட்டுகிறவர்களை நான் குறைவாக நினைக்கவில்லை. எனக்குக் கயிறு கட்டத் தெரியாது, அவ்வளவுதான்.

ஊர் முழுக்க எல்லா அச்சகமும் ஆடிப்பெருக்கன்றுதான் அடுத்த வருஷக் காலண்டரைத் தொடங்கும். அன்று பூஜையில் வைக்கிற ஆல்பத்தைப் பார்த்துத்தான் வெளியூர் ஏஜென்டுகள் ஆர்டர் கொடுப்பார்கள். ஆக எனக்கு எழுபத்தைந்து நாள் இருக்கிறது.

மே 29 (வைகாசி 15)

பெங்களூர்க்காரர்கள் பழைய வருஷங்களின் டேட்டா வேண்டும் என்று கேட்டார்கள். டி.பி.எஃப். ஃபைல்கள் என்று எழுதிக் கேட்டிருந்தார்கள். இருபத்தேழையும் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன்.

ஃபாக்ஸ்ப்ரோவில் பண்டிகை, விரதம் போன்ற நீண்ட குறிப்புகள் எஃப்.பி.டி. என்ற இன்னொரு ஃபைலில் இருக்கும். அது கூட ஒட்டிப் பிறந்தது. அது இல்லாவிட்டால் டி.பி.எஃப். திறக்காது. அவர்கள் அதைக் கேட்கவில்லை.

கேட்டதைக் கொடுத்தேன். கேட்காததைக் கொடுக்கவில்லை. இதில் என்ன குற்றம் இருக்கிறது?

ஜூன் 4 (வைகாசி 21)

ஃபைல் திறக்கவில்லையாம். ஆறு நாளாகப் பார்க்கிறார்களாம். மாங்காய் ஊறுகாய் போட்டேன்.

ஜூன் 7 (வைகாசி 24)

எஃப்.பி.டி. என்று ஒன்று இருப்பதை அவர்களே இன்று கண்டுபிடித்துக் கேட்டார்கள். உடனே கொடுத்துவிட்டேன். தாமதித்ததாக யாரும் சொல்ல முடியாது.

சுபிக்ஷா மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஆறு வயதில் என் அறைக்கு வந்து, கீபோர்டில் கையை வைக்கட்டுமா என்று கேட்டு நிற்பாள். அதே பார்வைதான்.

ஜூன் 15 (ஆனி 1)

ஆனி பிறந்துவிட்டது. இந்தப் பக்கத்தின் தலையில் அச்சாகியிருக்கிற "ஆனி 1" என் புரோகிராம் போட்டது. இந்த டைரியும் எங்கள் அச்சகத்தில் அடித்ததுதானே. தமிழ்நாட்டில் எத்தனை சுவரில், எத்தனை கல்லாப் பெட்டிக்கு மேலே இன்று ஒரு தாளைக் கிழித்துவிட்டு ஆனி ஒன்று என்று பார்த்திருப்பார்கள்! இருபத்தேழு வருஷத்தில் ஒரு நாள் பிசகியதில்லை. ஒரு நாள்!

இதைப் பற்றிப் பேச்சு வந்தால் அச்சகத்தில் ஒரு பழைய கதை சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். புரூஃப் பார்க்கிற பால்ச்சாமி அண்ணன், பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், கையில் தாளோடு என் அறைக்கு வந்தார். "கனகமணி, இந்த ஆவணி ஒண்ணு எனக்குக் கொஞ்சம் இடிக்குதும்மா" என்றார். அறை நிறைய ஆட்கள். நான் திரும்பாமலே சொன்னேன்: "நீங்க காலு, கொம்பு, புள்ளி பாருங்கண்ணே. கணக்கை மிஷின் பாத்துக்கிடும்." எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அதற்குப் பிறகு ஒரு தடவைகூடக் கேட்டு வந்ததில்லை.

நல்ல மனுஷன். போன கார்த்திகையில் போய்விட்டார். அப்போது எனக்கு வேலை அதிகம், போக முடியவில்லை.

ஜூன் 24 (ஆனி 10)

வீட்டுக்காரர் கேட்டார், "ரெண்டு மிஷினுக்கும் சண்டைங்கிறியே, கரண்ட் போச்சுன்னா ரெண்டும் ஒண்ணுதானே?"

மின்வாரியத்தில் முப்பது வருஷம் லைன்மேனாக இருந்தவருக்கு எல்லாமே கரண்டுதான். அழகர்சாமி என்று பெயர் வைத்துக்கொண்டு அழகான பதில் ஒன்றும் சொன்னதில்லை. தோசைக்கு மாவு இல்லை என்று சொல்லிவிட்டேன். மாவு இருந்தது.

ஜூலை 5 (ஆனி 21)

சாஸ்திரிகளின் பட்டியலை முழுக்க ஏற்றியாயிற்று. அடுத்த வருஷம் லீப் வருஷம், முந்நூற்று அறுபத்தாறு தாள். பதினோரு வினாடியில் கணக்கு முடிந்தது. அச்சடிக்கத்தான் இரண்டரை மணி நேரம். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் சத்தம் பக்கத்து அறைவரை கேட்டது. கேட்கட்டும்.

சுபிக்ஷா வந்து நின்றாள்.

"அக்கா, இது நின்னு போன சாஃப்ட்வேர். இதைச் செஞ்ச கம்பெனியே கைவிட்டு எத்தனையோ வருஷமாச்சு. நாளைக்கு இந்த மதர்போர்டு போனா என்ன பண்ணுவீங்க?"

"வேற மிஷின்ல ஏத்துவேன். மூணு தடவை ஏத்தியிருக்கேன்."

"நீங்க இல்லாதப்ப?"

பேப்பர் சிக்கிக்கொண்டது, எடுத்துவிட வேண்டியிருந்தது.

கம்பெனி கைவிட்டால் என்ன? நான் கைவிடவில்லையே. ஒரு பொருள் பழையது என்பது அதைச் செய்தவன் சொல்வதா, வைத்து வேலை பார்க்கிறவள் சொல்வதா? அவள் போன பிறகுதான் இந்தப் பதில் வந்தது. எப்போதும் இப்படித்தான்.

ஜூலை 17 (ஆடி 1)

ஆடி பிறந்தது. கூழ் காய்ச்சினேன். இன்னும் பதினேழு நாள்.

ஜூலை 24 (ஆடி 8)

இன்று ஒப்பிட்டோம். அண்ணாச்சியின் மேஜையில் இடது பக்கம் என் கட்டு, வலது பக்கம் அவர்கள் கட்டு. இரண்டையும் ஒவ்வொரு தாளாகப் புரட்டினோம். பெங்களூர்க்காரன் வீடியோவில் இருந்தான்.

முதல் தாளிலேயே மாட்டிக்கொண்டார்கள். ராகுகாலம். அவர்கள் தளம் அந்தந்த நாளின் உண்மையான சூரிய உதயத்தை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறது. திங்கட்கிழமைக்கு ஒரு வாரம் 8.02, இன்னொரு வாரம் 7.41 என்று வருகிறது.

"கணக்குப்படி இதுதான் சார் சரி" என்றான் வீடியோவில் இருந்தவன்.

அண்ணாச்சிக்கு முகம் சிவந்துவிட்டது. "தம்பி, திங்கக்கிழமை ஏழரை ஒம்பதுன்னு சின்னப்பிள்ள கூடச் சொல்லும். காலைல ஆறு, சாயங்காலம் ஆறு, நடுவுல எட்டுப் பங்கு. 7.41னு போட்டேன்னு வையி, ஏஜென்டு காலண்டர என் மூஞ்சிலயே எறிஞ்சிட்டுப் போயிருவான்."

"நோட் பண்ணிக்கறேன் சார். அடுத்த வெர்ஷன்ல மாத்திடலாம்."

"எப்ப?"

"அக்டோபர்."

அக்டோபர்! நான் ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருப்பதில் இவ்வளவு சுகம் இருப்பது இத்தனை வயதுக்குப் பிறகுதான் தெரிகிறது.

இன்னொரு வித்தியாசமும் இருந்தது. அடுத்த வருஷம் என் தாளில் ஆடி 1 ஜூலை 17. அவர்கள் தாளில் ஜூலை 16. அதனால் அந்த மாதம் முழுவதும் ஒரு நாள் தள்ளி ஓடுகிறது. ஆடிப்பெருக்கு என் தாளில் ஆகஸ்ட் 3, அவர்கள் தாளில் ஆகஸ்ட் 2.

"இதுலயும் கோட்டை விட்டுருக்காங்க" என்றார் அண்ணாச்சி. "கனகமணிது இருபத்தேழு வருஷமாத் தப்பாதது. இல்லியாம்மா?"

"ஆமா அண்ணாச்சி" என்றேன்.

ஆல்பம் என்னுடையதை வைத்து அடிப்பது என்று முடிவாயிற்று. வீட்டுக்கு வரும்போது கருப்பட்டி மிட்டாய் வாங்கி வந்தேன்.

ஜூலை 25 (ஆடி 9)

சுபிக்ஷா என் அறைக்கு வந்து உட்கார்ந்தாள். தோற்றவள் மாதிரி இல்லை.

"ராகுகாலம் நான் கவனிச்சிருக்கணும், ஒத்துக்கறேன். ஆனா ஆடி ஒண்ணு மட்டும் எனக்கு உறுத்துதுக்கா. சாஸ்திரிகள்ட்ட ஒரு தடவை கேட்ருங்களேன்."

"அவர் கொடுத்த நேரத்தைத்தான் ஏத்தியிருக்கேன். என் புரோகிராமுக்கு யார்ட்டயும் கேக்கற பழக்கம் இல்ல."

"சரிக்கா" என்று எழுந்து போய்விட்டாள். கதவை மெதுவாகத்தான் சாத்தினாள்.

எனக்கு அவள் மேல் கோபம் கோபமாக வந்தது. ஏன் என்று தெரியவில்லை.

ஜூலை 26 (ஆடி 10)

சாஸ்திரிகளுக்குப் போன் செய்யவில்லை. அவசியம் இல்லை.

ஜூலை 27 (ஆடி 11)

தண்ணீர் வந்தது. குடத்தை நிறைக்க மறந்து நின்றுகொண்டிருந்தேனாம். வீட்டுக்காரர் வந்து குழாயைத் திருப்பினார்.

ஜூலை 28 (ஆடி 12)

சாஸ்திரிகளே போன் செய்தார். ஒரு கிரகண நேரத்தை மாற்றி எழுதிவிட்டாராம், திருத்தச் சொன்னார். திருத்தினேன். போனை வைக்கப் போகிறவர் கேட்டார்:

"ஆடி மாசப்பிறப்பு பதினாறுதானே போட்டிருக்கேள்?"

"பதினேழு சாமி. சூரியன் ராசி மாறுறது பதினாறு சாயந்திரம் 6.17னு குடுத்திருக்கீங்க. அஸ்தமனம் ஆனப்புறம் மாறினா மறுநாள்தானே மாசப்பிறப்பு?"

அந்தப் பக்கம் பஞ்சாங்கத்தைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"ஆடி மாசத்துல ஆறு மணிக்கா சூரியன் அஸ்தமிக்கறது? வாசலுக்கு வந்து பாருங்கோம்மா. இந்த மாதிரி இழுபறியா வர்ற மாசத்துக்கெல்லாம் பால்ச்சாமிதான் போன் பண்ணி ஊர்ஜிதம் பண்ணிப்பார். இந்த வருஷம் போன் வரலையேன்னு நினைச்சேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது, அவர் இல்லைன்னு."

போனை வைத்துவிட்டு புரோகிராமைத் திறந்தேன். அந்த வரியைத் தேட வேண்டிய அவசியமே இல்லை, இருக்கிற இடம் தெரியும். ராசி மாறும் நேரம் 18.00-க்குள் என்றால் அன்றே முதல் தேதி, தாண்டினால் மறுநாள். பதினெட்டு. ஆறு மணி. இருபத்தேழு வயதில் நான் அடித்தது. ராகுகாலத்துக்கு ஆறு முதல் ஆறு என்று ஆயிரம் தடவை எழுதிய கை, அஸ்தமனத்துக்கும் ஆறு என்று எழுதிவிட்டது. காலண்டர் போடுகிறவளைத் தவிர வேறு யாருக்கும் இந்தத் தப்பு வந்திருக்காது. சூரியனைப் பார்த்தவனுக்கு வந்திருக்குமா?

சாயந்திரம் மொட்டை மாடிக்குப் போய் நின்றேன். கையில் வாட்ச். ஆறு மணி ஆயிற்று. சூரியன் எதிர்த்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே நின்றது. 6.17. அப்போதும் நின்றது, என் முகத்தில் நேராக வெயில் அடித்தது. 6.41-க்குத்தான் கீழே போனது.

கொடியில் கிடந்த துணியை எடுக்காமலே இறங்கி வந்துவிட்டேன்.

ஜூலை 29 (ஆடி 13)

குடோன் மச்சில் பழைய புரூஃப் கட்டுகள் வருஷவாரியாக இருக்கின்றன. புரூஃப் பார்த்த தாள் நேரே பக்கம் அமைக்கிற பேஜ்மேக்கரில் திருத்துகிறவர் கைக்குப் போய், வேலை முடிந்ததும் மச்சுக்கு ஏறிவிடும். என்னிடம் திரும்பி வராது. நானும் கேட்டதில்லை.

காலையிலிருந்து இருபத்தேழு கட்டையும் பிரித்தேன். தூசி மூக்கில் ஏறி முப்பது தும்மல்.

ஆறு இடம். ஆறு வருஷங்களில் ஒவ்வொரு மாதம். சிவப்பு மையால் தேதியைச் சுழித்து, ஓரத்தில் பொடி எழுத்தில், நேரம் மட்டும் மாறி மாறி, "அஸ்தமனம் 6.37. சாஸ்திரிகளிடம் கேட்டாயிற்று. – பா.சா." அந்த மாதம் முழுக்க முப்பது முப்பத்தொரு தாளிலும் பொறுமையாகத் தேதியை மாற்றியிருக்கிறார். முதல் திருத்தம் பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், அந்த ஆவணியில்.

அதற்கு முந்திய கட்டுகளையும் சாஸ்திரிகள் பட்டியலோடு வைத்துப் பார்த்தேன். அந்த வருஷங்களில் எந்த மாதமும் ஆறு மணிக்கும் அஸ்தமனத்துக்கும் நடுவே உள்ள அந்த அரை மணி இடைவெளியில் விழவில்லை. அது என் அதிர்ஷ்டம். அதைத்தான் நான் திறமை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடைசிக் கட்டு இந்த வருஷத்துடையது. அவர் இறப்பதற்கு நாலு மாதம் முன்பு பார்த்த புரூஃப். அதிலும் ஒரு சிவப்புச் சுழி இருந்தது. ஆனி. என் புரோகிராம் ஜூன் 16 என்று போட்டிருக்கிறது. அவர் அடித்துவிட்டு 15 ஆக்கியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்து இந்த டைரியில் ஜூன் 15-ஆம் பக்கத்தைத் திருப்பிப் படித்தேன். என் பெருமையையெல்லாம் எழுதிவைத்த பக்கம். அதன் தலையில் இருக்கிற "ஆனி 1" அவருடையது.

ஜூலை 30 (ஆடி 14)

பால்ச்சாமி அண்ணன் வீட்டுக்குப் போனேன். எட்டு மாதம் கழித்து. செல்லக்கனி அக்கா அப்பளம் காயவைத்துக்கொண்டிருந்தார். வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

விஷயத்தைச் சொன்னேன். "ஏன்க்கா அவரு என்ட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"சொல்ல வந்தாரே. நீ என்ன சொல்லி அனுப்புன?"

அப்பளம் ஒன்றைத் திருப்பிப் போட்டுவிட்டு அவரே தொடர்ந்தார்.

"வீட்டுல வந்து சொல்லிச் சிரிச்சாரு. 'அந்தப் பிள்ள ரோசக்காரி. சொன்னா மூஞ்சியத் தூக்கிருவா. சண்ட போடற நேரத்துல நானே திருத்திட்டா முடிஞ்சிச்சு'ன்னாரு. எனக்குத்தான் வயிறு எரிஞ்சிச்சு. இவரு திருத்துவாராம், பேரு அவளுக்காம்."

"கருமாதிக்குக்கூட நான் வரலக்கா."

"தெரியும். வந்தவங்களத்தான் எண்ணுனேனே."

ஒரு தட்டை எடுத்துக் கொடுத்தார். கால் மணி நேரம் இரண்டு பேரும் அப்பளம் திருப்பிப் போட்டோம். கிளம்பும்போது, "இப்ப யாரு புரூஃப் பாக்குறா?" என்று கேட்டார்.

யாரும் பார்க்கவில்லை. மார்கழியில் அண்ணாச்சி வேறு ஆள் போடவா என்று கேட்டபோது, என் புரோகிராமுக்கு எதற்கு என்று சொன்னவள் நான். அதை அக்காவிடம் சொல்லவில்லை. இங்கே எழுதிவிடுகிறேன்.

ஜூலை 31 (ஆடி 15)

யாருக்கும் தெரியாமல் அந்த ஒரு வரியை மாற்றிவிட்டு, டைப்பிங் தவறு என்று சொல்லலாம். ஒருத்தரும் கேட்கமாட்டார்கள். இருபத்தேழு வருஷம் இருபத்தெட்டாகும்.

காலையிலிருந்து நாலு தடவை அந்த வரிக்கு முன்னால் உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

மாட்டேன். அவர் பத்தொன்பது வருஷம் எனக்குத் தெரியாமல் திருத்தினார். நானும் யாருக்கும் தெரியாமல் திருத்தினால், அவர் இருந்ததாகவே ஆகாது.

ஆகஸ்ட் 1 (ஆடி 16)

காலை பத்து மணிக்கு அண்ணாச்சி அறைக்குப் போனேன். சுபிக்ஷாவும் இருந்தாள். ஆறு புரூஃப் தாளையும் மேஜையில் வைத்தேன்.

"ஆடி ஒண்ணு இந்தப் பிள்ள சொன்னதுதான் சரி. தப்பு என்னோடது. இதுக்கு முன்னால ஆறு தடவ தப்பிருக்கு. ஆறையும் பால்ச்சாமி அண்ணன் திருத்தியிருக்காரு."

அண்ணாச்சி ஒவ்வொரு தாளாகக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"தப்பே வராதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு அலைஞ்சேனேம்மா. புரூஃபுக்கு ஆளு வேண்டாம்னு சொன்னதும் நீதானே?"

"நான்தான்."

"நாளக் கழிச்சுப் பூஜை. நாலு லட்சம் வீட்டுல ஆடிப்பெருக்கு ஒரு நாள் தள்ளிப் போயிருக்கும். தாலிக்கயிறு மாத்துறவ, வெதைக்கிறவன்... என்னையத் திட்ட மாட்டான்?" மேஜையைத் தட்டினார். "போதும்மா. புதுசுக்கே போயிருவோம்."

அழுகை வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. கோபம்தான் வந்தது.

"போங்க அண்ணாச்சி. தாராளமாப் போங்க. ஆனா அவங்க ராகுகாலம் அக்டோபர்ல வரும். ஆல்பம் மூணாந்தேதி வேணும். ரெண்டு பேரும் என்கூட ஒரு நிமிஷம் வாங்க."

என் அறைக்கு வந்தார்கள். கறுப்புத் திரையைத் திறந்து அந்த வரியைக் காட்டினேன். "இதுதான் தப்பு. நல்லாப் பாத்துக்கோங்க." பன்னிரண்டு மாதத்துக்கும் எங்கள் ஊர் அஸ்தமன நேரத்தை சாஸ்திரிகளிடம் வாங்கி வைத்திருந்தேன். அதை ஒரு சின்னப் பட்டியலாக ஏற்றி, பதினெட்டு இருந்த இடத்தில் அந்தப் பட்டியலைப் பார்க்கும்படி மாற்றினேன். ஓட்டினேன். ஜூலை 16, ஆடி 1. ஆகஸ்ட் 2, ஆடி 18. எழுந்து நிற்கும்போது மணி பார்த்தேன், ஒன்பது நிமிஷம்.

"தப்புப் பண்ணினேன். திறந்து காட்டினேன். உங்க கண்ணு முன்னால சரி பண்ணினேன். சுபிக்ஷா, உங்க ஆளுக ராகுகால வரி எங்க இருக்குன்னு காட்டுவாங்களா?"

"காட்ட மாட்டாங்கக்கா" என்றாள். "கம்பெனிக்குப் புகார் டிக்கெட் போட்டுட்டுக் காத்திருக்கணும்."

"டிக்கெட் போட்டுக் காத்திருக்க இது ரயிலா?"

அவள் சிரித்துவிட்டாள். அண்ணாச்சி சிரிக்கவில்லை. ஆனால் என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆனா அவங்களோடது ஆடியைச் சரியாப் போட்டுச்சு" என்றேன். அதையும் சொல்லித்தானே ஆக வேண்டும். "ரெண்டும் தப்பும். எங்க தப்புதுன்னுதான் வித்தியாசம். அதனால எது ஓடினாலும் சிவப்புப் பேனாவோட ஒரு ஆள் வேணும். ஆளு போடுங்க. போட்டாத்தான் நான் இருப்பேன். கயிறு கட்டப் போக மாட்டேன்."

"மெரட்டுறியாம்மா?"

"ஆமா அண்ணாச்சி."

அவர் மகளைப் பார்த்தார். சுபிக்ஷா புரூஃப் தாள் ஒன்றைக் கையில் எடுத்து அந்தப் பொடி எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே சொன்னாள்: "இந்த வருஷம் அக்காவோடதுல அடிப்போம்ப்பா. ஆளும் போடுவோம். அடுத்த ஆடிக்கு மறுபடி ரெண்டையும் ஓட்டிப் பாப்போம்." பிறகு என்னிடம், "அக்கா, எஃப்.பி.டி. மாதிரி இன்னும் ஏதாவது ஒளிச்சு வச்சிருக்கீங்களா?"

"நீ கேளு. சொல்றேன்" என்றேன்.

ஆகஸ்ட் 2 (ஆடி 17)

ஆல்பம் வேலை. சாப்பிடவே மூன்று மணி ஆயிற்று. புரூஃப் பார்க்க நாளைக்குள் ஆள் கிடைக்காது என்பதால் சுபிக்ஷாவும் நானும் தாளை மாற்றிக்கொண்டு பார்த்தோம். என் தாளில் அவள் இரண்டு தப்புக் கண்டுபிடித்தாள். இரண்டு! ஒன்றைத்தான் ஒத்துக்கொண்டேன். பிறகு இன்னொன்றையும்.

ஆகஸ்ட் 3 (ஆடி 18)

பூஜை முடிந்தது. சுண்டல், சர்க்கரைப் பொங்கல். ஏஜென்டுகள் ஆல்பத்தைப் புரட்டினார்கள். திங்கட்கிழமை ராகுகாலம் ஏழரை ஒன்பது.

அடுத்த வருஷ ஜூலை 16 தாள் ஒன்றைக் கிழித்து எடுத்துக்கொண்டு செல்லக்கனி அக்கா வீட்டுக்குப் போனேன். வாங்கிப் பார்த்தார். "இதுல அவரு பேரு எங்க இருக்கு?" என்று கேட்டார். காலண்டர் தாளில் யார் பேரும் இருக்காது என்று சொல்ல வாயெடுத்தேன். என் பேரும் அதில் இல்லைதான். ஆனாலும் இத்தனை வருஷமும் இருந்ததாகத்தானே நடந்துகொண்டேன். திரும்பி அச்சகத்துக்கே போனேன்.

ஃபாக்ஸ்ப்ரோவில் ஒரு வரியின் தொடக்கத்தில் நட்சத்திரக் குறி போட்டால் மிஷின் அந்த வரியைக் கண்டுகொள்ளாது. திறந்து பார்க்கிற ஆளுக்காக மட்டும் எழுதுவது அது. இருபத்தேழு வருஷத்தில் நான் அப்படி ஒரு வரிகூட எழுதியதில்லை. என் புரோகிராமை என்னைத் தவிர யார் திறக்கப் போகிறார்கள் என்ற நினைப்பு.

அஸ்தமனப் பட்டியலுக்கு மேலே நட்சத்திரம் போட்டு, இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடித்தேன்: "சூரியன் ஆறு மணிக்கு மறைவதில்லை. ஆறு தடவை கண்டுபிடித்துத் திருத்தியவர் பால்ச்சாமி அண்ணன். ஒரு தடவை சொல்ல வந்தார். கேட்காதவள் கனகமணி."

சேமித்தேன். சுபிக்ஷாவைக் கூப்பிட்டு, பாஸ்வேர்டை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த ஆடிக்கு இதை மூடுவதென்றால் மூடட்டும். யார் மூட வந்தாலும் முதலில் திறக்க வேண்டும். திறந்தால் அந்த வரியைப் படிக்காமல் தாண்ட முடியாது.